அப்பா மறக்காத பின்கோடு

பட்டுக்கோட்டை 614601. அதற்கு அடுத்தபடியாக என் அப்பா யோசிக்காமல் சொல்லும் பின்கோடு 110004. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு உரிய எண் அது.

அப்பா தபால்காரராக இருந்தவர். 1974-ல் வேலைக்குச் சேர்ந்து 2011-ல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு வருடமும் பட்டுக்கோட்டையைச் சுற்றித்தான் சைக்கிள் மிதித்தார். 1987-ல் ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவர் ஆனபோது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தனிச் சந்தோஷம். அவர் பிறந்த ராஜாமடம் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம்ம ஊர்க்காரர் என்ற உரிமையில் அப்பாவின் பீட்டில், அதாவது அவர் தபால் கொடுக்கும் பகுதியில், இருந்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். நின்றுபோன பென்ஷன், பஸ் வராத ஊர், பட்டா கிடைக்காத மனை என்று எதையும் விடவில்லை. கடிதத்தைத் தமிழில் எழுதிவிடுவார்கள். மேலே முகவரியை மட்டும் இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி அப்பாவிடம் கவரை நீட்டுவார்கள். யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து, தபால் பையை மடியில் வைத்து அதன் மேல் கவரை வைத்து, அப்பா நிறுத்தி நிதானமாக எழுதுவார். கடைசியில் அந்த ஆறு எண்.

எனக்கு அப்போது ஏழு வயது. லீவு நாட்களில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து சில தெருக்கள் வரை கூடப் போவேன். ஒருமுறை கேட்டேன், "இதெல்லாம் யாருப்பா அங்க வாங்குவாங்க?" அப்பா சொன்னார், "அங்கயும் ஒரு போஸ்ட்மேன் இருப்பாருல்ல பாப்பா. அவரு கொண்டு போய்க் குடுப்பாரு."

அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அப்பா தானாக ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாதான் சொன்னாள், போன தீபாவளிக்கு. "உங்கப்பாவுக்கு எழுபத்து மூணு ஆச்சு. காசி வேண்டாம், ராமேஸ்வரம் வேண்டாம்கிறாரு. டெல்லின்னா மட்டும் பேசாம இருக்காரு. அப்படின்னா ஆசை இருக்குன்னு அர்த்தம்."

சரி, கூட்டிப் போகலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணம் சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில் நடந்த ஒரு விஷயம்.

பென்ஷன் புத்தகத்தில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. அதைத் திருத்துவதற்கு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள். அப்பாவிடம் எப்போதும் ஒரு சின்ன வெற்றிலைப் பெட்டி இருக்கும். அதில் பாக்குவெட்டியும் இருக்கும். அதை நாங்கள் இருவருமே ஒரு பொருளாக நினைக்கவில்லை. காவலுக்கு நின்றவர் பையை மேசை மேல் கொட்டி, பாக்குவெட்டியைத் தூக்கிப் பிடித்து, "கத்தியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தா எப்படிப் பெரியவரே?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டிக் கிடந்த வெற்றிலையை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்கினார். பாக்குவெட்டியை எங்காவது வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். எதிரே இருந்த டீக்கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பார்க்க வேண்டிய அதிகாரி சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அன்று வேலை நடக்கவில்லை. அதற்கப்புறம் பெரிய கட்டடம் எதற்குப் போனாலும், அது வங்கியாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, "நீ போய்ட்டு வா பாப்பா, நான் வெளியில நிக்கறேன்" என்று ஒதுங்கிவிடுவார்.

நாட்டிலேயே மிகக் கடுமையான காவல் உள்ள கட்டடங்களில் ஒன்றுக்கு அப்படிப்பட்டவரைக் கூட்டிப் போக வேண்டும். அந்த வாசலில் யாரும் அவரைத் தனியாக நிறுத்தக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் மூன்று மாதம் திட்டம் போட்டேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இப்படி ஓர் இடத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தேதி. மாளிகையின் பிரதான கட்டடத்தை வாரத்தில் ஆறு நாள் மக்கள் பார்க்கலாம். திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் கிடையாது. டிசம்பர், ஜனவரி வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டேன். அந்த மாதங்களின் பனிமூட்டத்தில் வடக்கே போகும் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஜனவரி கடைசி வேறு குடியரசு தினத்துக்காக அந்த வட்டாரமே கட்டுப்பாட்டில் இருக்கும். பிப்ரவரி கடைசி வாரம் எல்லாவற்றுக்கும் தோதாக இருந்தது. முகல் தோட்டம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் தோட்டம், 2023-லிருந்து அதன் பெயர் அம்ரித் உத்யான், பூத்துக் குலுங்கி மக்களுக்குத் திறந்திருக்கும் பருவமும் அதுதான். தோட்டத்துக்குத் தனிப் பதிவு, அதற்குக் கட்டணம் இல்லை. கட்டடத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய்.

எல்லாமே இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். மாளிகையின் சொந்தத் தளத்திலேயே செய்யுங்கள். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒருவர் தேவையே இல்லாத வேலை இது.

பதிவில் தேதியும் நேரமும் தேர்ந்தெடுப்பது நிமிட வேலை. எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் போனது பெயர்களில்தான். நம் ஊர்க்காரர்கள் இதைப் படிப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது. வாக்காளர் அட்டையில் அந்த இனிஷியல் விரிந்து தாத்தாவின் முழுப் பெயராகப் பின்னால் வந்து நிற்கிறது. போதாததற்கு ஒன்றில் 'ராசு', இன்னொன்றில் 'ராஜு'. அம்மாவின் ஓர் அட்டையில் அவளுடைய அப்பா இனிஷியல், இன்னொன்றில் என் அப்பா இனிஷியல். எல்லாமே அவர்கள்தான், எல்லாமே உண்மையான அட்டைகள்தான். ஆனால் கையில் தாளும் முன்னால் வரிசையும் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு காவலருக்கு இந்தக் கதை தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதனால் இப்படிச் செய்தேன். மூன்று பேருக்கும் ஆதார் ஒன்றுதான் அடையாளம் என்று வைத்துக்கொண்டேன். அட்டையை எதிரில் வைத்து, அதில் எந்த எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ, புள்ளியும் இடைவெளியும் உட்பட அப்படியே தட்டச்சு செய்தேன். நம் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தாலும் திருத்தவில்லை. அனுமதிச் சீட்டை அச்செடுத்து வந்ததும் அப்பாவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பதிவுத் தபாலைப் பார்ப்பதுபோல, அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மணியார்டர் குடுக்கறப்ப நாங்களும் இப்படித்தான். ஆளு நல்லாத் தெரிஞ்சவரா இருந்தாலும் பேரு சரியா இருக்கணும். கைநாட்டுன்னா சாட்சிக் கையெழுத்து வேணும். அவங்க கேக்கறது தப்பில்ல."

அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

அடுத்தது உடம்போடு வருகிற இரும்பு. அப்பாவுக்கு வலது முட்டியில் மாற்று அறுவை சிகிச்சை செய்திருக்கிறது. எந்த மெட்டல் டிடெக்டரும் அங்கே கத்தும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளின் நகலையும் எக்ஸ்ரேயின் சின்னப் படத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் வைக்கும்படி செய்தேன்.

அம்மாவின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அவள் தாலிச் சங்கிலியில் எப்போதும் நான்கு ஊக்கு கோத்திருப்பாள். யாருக்காவது செருப்பு வார் அறுந்தால், பேரனின் பொத்தான் தெறித்தால், அம்மாவின் கழுத்திலிருந்து ஓர் ஊக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊக்குகள் அங்கே இருக்கின்றன. "ஊக்க எடுத்துடறேன். ஆனா தாலியக் கழட்டுன்னு சொன்னா நான் உள்ள வரமாட்டேன்" என்றாள். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், பெண்களைத் தடுப்புக்குள் வைத்துப் பெண் காவலர்தான் கையால் சோதிப்பார் என்று பலமுறை சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்புக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் ஊக்கு என்று பேசி முடித்தோம்.

பையே எடுத்துப் போகக் கூடாது என்பது என் தீர்மானம். தளத்தில் எது அனுமதி, எது இல்லை என்று போட்டிருப்பதைப் படித்தேன். படித்தபின் தோன்றியது, நம் பெரியவர்கள் கொண்டுபோகும் பொருட்கள் எந்தப் பட்டியலிலும் பெயரோடு இருக்காது. பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, விபூதிப் பொட்டலம், தைலம், அம்மாவின் சுருக்குப் பை, அதற்குள் அரிவாள்மனைக்குப் போட வைத்திருக்கும் திருகாணி. தடை என்று எழுதவில்லை என்பதால் கொண்டுபோகலாம் என்று ஆகிவிடாது. ஸ்கேனர் திரையில் அது என்னவாகத் தெரியும் என்று யோசித்தால் போதும். ஆதார், அனுமதிச் சீட்டு, மாத்திரை அட்டை, மருந்துச் சீட்டு, கைக்குட்டை. இவை மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம். மிச்சம் எல்லாவற்றையும், எங்கள் மூன்று பேரின் போன்களையும் சேர்த்து, டெல்லியில் ஆர்.கே. புரத்தில் இருக்கும் என் சித்தி மகன் வெளியே வைத்துக்கொண்டு காத்திருப்பான் என்று ஏற்பாடு. வெளியில் இப்படி ஓர் ஆளை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். லாக்கர் இருக்கிறதா, டோக்கன் உண்டா என்ற கவலையே வேண்டாம். உள்ளே அறைகளில் படம் எடுக்க அனுமதி கிடையாது, அதனால் போன் இல்லாதது ஒரு இழப்பாகவும் இல்லை.

பாக்குவெட்டியைப் பற்றி நான் அப்பாவிடம் எதுவும் பேசவில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பும்போதே அதை வீட்டில் வைத்துவிட்டு, சீவல் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சென்னையில் வந்து இறங்கியதும் அந்தப் பொட்டலத்தை எனக்குக் காட்டினார்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து இரவு 10 மணிக்குக் கிளம்பும். மூன்றாம் நாள் காலை டெல்லி. போய் இறங்கிய அன்றே பார்க்கிற மாதிரி பதிவு செய்யவில்லை, மறுநாளுக்குச் செய்தேன். அதற்கும் மறுநாளை உபரியாக வைத்துக்கொண்டேன். வெளிநாட்டுத் தலைவர் யாராவது வந்தால், அரசு நிகழ்ச்சி ஏதாவது வந்தால், பார்வையாளர் நேரம் மாறலாம். அது வேலை நடக்கிற வீடு, நமக்காக நிற்காது. திரும்பும் டிக்கெட்டை இறுக்கமாகப் போட்டுவிட்டு அங்கே போய்ப் பதறக் கூடாது.

இடையில் கிடைத்த அந்த ஒரு நாளை ஒத்திகைக்குப் பயன்படுத்தினேன். எனக்கு இதில் உண்மையாகவே திருப்தி உண்டு. டெல்லி மெட்ரோவில் எந்த நிலையத்தில் நுழைந்தாலும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் ஆளையும் பையையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆர்.கே. புரம் நிலையத்தில் ஏறி, ஹவுஸ் காஸில் மாறி, சென்ட்ரல் செக்ரடேரியட் வரை அப்பா அம்மாவைக் கூட்டிப் போனேன். கர்த்தவ்ய பாதையில் நடந்து இந்தியா கேட் பார்ப்பது என்பது வெளியில் சொன்ன காரணம்.

அப்பாவின் முட்டியில் கைக்கருவி கத்தியது. காவலர் கருவியைத் திரும்ப வைத்துப் பார்த்தார், திரும்பக் கத்தியது. அப்பா வேட்டிக்கு மேலாக முட்டியைத் தொட்டுக் காட்டி, "ஆப்ரேஷன்" என்றார். "ஆப்ரேஷன்?" என்றார் காவலர். "ஆப்ரேஷன்" என்றார் அப்பா மறுபடியும். காவலர் தலையாட்டி, கை காட்டி அனுப்பிவிட்டார். தமிழுக்கும் இந்திக்கும் இடையில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. உறையில் இருந்த தாளை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா திரை போட்ட தடுப்புக்குள் போய் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தாள். "பொண்ணுதான் இருக்கு. தாலிய ஒண்ணும் சொல்லல" என்றாள். அன்று மூன்று நிலையங்களில் நுழைந்தோம். மூன்றாவது தடவை அப்பா எனக்கு முன்னால் போய் நின்று தானாகக் கையைத் தூக்கினார்.

மறுநாள் காலை. எங்களுக்கு 11 மணிக்கு நேரம். காலை ஏழரைக்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, அம்மா சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஒன்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். இவ்வளவு செய்தும் ஓர் இடத்தில் தவறு நடந்தது. மாளிகை வளாகம் 330 ஏக்கர், எத்தனையோ வாசல்கள். ஆட்டோக்காரருக்கு அந்தப் பருவத்தில் எல்லாப் பயணிகளும் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள். எங்களை நார்த் அவென்யூ பக்கம் 35-ஆம் எண் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எங்கள் சீட்டில் இருந்தது வேறு வாசல். இன்னோர் ஆட்டோ பிடித்துச் சுற்றிக்கொண்டு போனோம். கையில் ஒன்றரை மணி நேரம் இருந்ததால் பதற்றம் இல்லை. மாளிகையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. சீட்டில் உள்ள வாசல் எண்ணையும் சாலையின் பெயரையும் முதல் நாளே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

வாசலில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. சீட்டைப் பார்த்தார்கள், ஆதாரைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். முட்டி கத்தியது, அப்பா "ஆப்ரேஷன்" என்றார். அம்மாவைத் தடுப்புக்குள் சோதித்தார்கள். அப்பாவின் ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்ட இளைஞர் ஒரு சின்னக் காகித மடிப்பை எடுத்தார். எனக்குத் திக்கென்றது. விபூதி. காலையில் கோயிலுக்குப் போனபோது வைத்துக்கொண்டிருக்கிறார். நான் பேசப் போவதற்குள் அந்த இளைஞர் பிரித்துப் பார்த்து, மடித்து, அப்பாவின் பையிலேயே திரும்ப வைத்து, "டீக் ஹை, பாபா" என்றார். ஐந்து நிமிடத்தில் உள்ளே இருந்தோம். சக்கர நாற்காலி வேண்டுமா என்று வரவேற்பில் கேட்டார்கள். அப்பா வேண்டாம் என்றார். "நடந்துதான் வரணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வழிகாட்டி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது, 340 அறைகள், கட்ட ஆரம்பித்து 1929-ல் முடிய பதினேழு வருடம், மேலே இருக்கும் குவிமாடத்தில் சாஞ்சி ஸ்தூபியின் சாயல். இதையெல்லாம் அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தர்பார் ஹால், 2024-லிருந்து அதற்குக் கணதந்திர மண்டபம் என்று பெயர், அங்கேதான் முதலில் நின்றுவிட்டார். உயரமான மஞ்சள் பளிங்குத் தூண்கள். மேலே இரண்டு டன் எடை உள்ள சரவிளக்கு. குடியரசுத் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் குப்தர் காலத்துப் புத்தர் சிலை. அந்தச் சிலையிலிருந்து நேர்க்கோடு போட்டால் வாசல் வழியாக வெளியே போய் இந்தியா கேட்டைத் தொடும் என்றார் வழிகாட்டி. முந்தின நாள் அதே கோட்டின் மறுமுனையில் நாங்கள் நின்றிருந்தோம். அப்பா திரும்பி வாசலைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்தார்.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவை பதவியேற்றது இந்த ஹாலில்தான். 1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றதும் இங்கேதான். அவருக்கு முந்தியவர்கள் குடியிருந்த பெரிய அறைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ராஜாஜி சின்ன அறைகள் இருந்த பகுதிக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள். வைஸ்ராய்கள் இருந்த பகுதி விருந்தினர் பகுதியாயிற்று. நாட்டில் தானியப் பஞ்சம் வந்தபோது இந்த வளாகத்து நிலத்தில் ஒரு பகுதியை உழுது தானியம் விதைத்தவர் அவர். இதைத் தமிழில் சொன்னபோது அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "இம்மாம் பெரிய வீட்டுல கொல்லையில வயலு போட்டிருக்காரு பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அசோகா ஹால், அதற்கும் 2024-லிருந்து அசோக் மண்டபம் என்று பெயர், அதன் கூரை ஓவியத்தை அம்மா தலையை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். பாரசீக மன்னர் பத் அலி ஷா தன் பிள்ளைகளோடு வேட்டைக்குப் போகும் காட்சி. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே நடனம் ஆடுவார்களாம், மரத் தரை. எனக்கு அதில் அதிக ஆர்வம் இல்லை; கழுத்துதான் வலித்தது.

விருந்து மண்டபம் நீளமானது. 104 பேர் ஒரே மேசையில் உட்காரலாம். சுவரில் முன்னாள் குடியரசுத் தலைவர்களின் ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. வழிகாட்டி பரிமாறும் முறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கூட்டத்திலிருந்து இரண்டடி விலகி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். ராமேஸ்வரத்துக் கலாம். கலாமின் சொந்தக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் இங்கே வந்து தங்கியபோது அவர்களுடைய செலவு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. அதைக் கலாம் தன் கைக்காசிலிருந்து கட்டினார் என்று அவரிடம் செயலராக இருந்த பி.எம். நாயர் பதிவு செய்திருக்கிறார். அப்பாவுக்குப் பிடித்த செய்தி அது. பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறார். ஆனால் அன்று கலாம் படத்தைத் தாண்டிப் போய் வெங்கட்ராமன் படத்துக்கு எதிரில்தான் நின்றார்.

கும்பிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"இவருக்குத்தான் எழுதினது. எத்தனை கவரு. அந்த மேலத்தெரு அம்மா பதினோரு கடுதாசி போட்டுது பென்ஷனுக்கு. கடைசில வந்துது."

"இவர் படிச்சிருப்பாராப்பா?"

"யாராவது படிச்சிருப்பாங்க. முத்திரை போட்டுப் பதில் காயிதம் வந்துச்சே, உங்க மனு இன்ன துறைக்கு அனுப்பியிருக்குன்னு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

வழிகாட்டி எங்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்து, சைகை காட்டினார். நடந்தோம்.

வெளியே வரும்போது அப்பாவுக்கு முட்டி வலிக்க ஆரம்பித்திருந்தது. தோட்டத்தை அன்றே பார்க்க முடியாது என்று தெரிந்தது. மறுநாள் உபரியாக இருந்ததால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், காலையில் விபூதியைப் பிரித்துப் பார்த்த அந்த இளைஞரே நின்றிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார். எனக்கு மறுபடி திக்கென்றது. இந்த மாதிரி இடங்களில் அவர் தானாகப் போய் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

"பாப்பா, இவர்கிட்ட ஒண்ணு கேளு. இங்க தபால் கொண்டாற போஸ்ட்மேன் எந்த வழியா உள்ள போவாரு? அவரை எப்படி விடுவாங்க?"

இதையெல்லாம் கேட்கலாமா என்று எனக்குத் தயக்கம். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில், இவர் முப்பத்தேழு வருடம் தபால்காரராக இருந்தவர் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேள்வியைக் கேட்டேன். வழியை அவர் சொல்லவில்லை, அது சரிதான். சிரித்துக்கொண்டு, "அவருக்கும் பாஸ் உண்டு. அவரையும் தினமும் சோதித்துத்தான் அனுப்புவோம்" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அப்பா அதைக் கேட்டுத் தலையை மெதுவாக ஆட்டினார். ஸ்வெட்டர் பையிலிருந்து விபூதி மடிப்பை எடுத்து நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, அதே மடிப்பை அந்த இளைஞரிடம் நீட்டினார். அவர் துப்பாக்கிப் பட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு விரலால் தொட்டு இட்டுக்கொண்டார்.

தம்பி ரோட்டுக்கு எதிர்ப்புறம் எங்கள் பையோடு நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனிடம் முதலில் கேட்டு வாங்கியது அவளுடைய நான்கு ஊக்குகளை. அப்பா வெற்றிலைப் பெட்டியை வாங்கி, அங்கேயே மர நிழலில் உட்கார்ந்தார். ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "பெரியப்பா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்ட தம்பியிடம், பக்கத்துத் தபால் நிலையம் எங்கே இருக்கிறது, கார்டு வாங்க வேண்டும், மேலத்தெருவுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.